பேய் நகரத்தின் ஒன்றரை லட்சம் பேர்

கோலார் தங்கவயலில் மனிதர்களே இல்லை என்று எந்தப் பத்திரிகையும் எழுதாது. எழுதினால் மறுநாளே ஆசிரியருக்கு மறுப்புக் கடிதம் போகும். ஆனால் 'பேய் நகரம்' என்று எழுதுவார்கள். அதற்கு மறுப்புக் கடிதம் போகாது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அன்றிலிருந்து முதலில் ஆங்கில இதழ்கள், பிறகு அவற்றைப் பார்த்து மற்ற மொழி இதழ்கள், அதன்பின் தொலைக்காட்சியும் யூடியூபும் இந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அங்கே வாழ்ந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். விடியும் முன்பே மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பகல் பதினொரு மணிக்குக் கேமராவோடு வந்து இறங்குகிறவருக்குத் தெரு காலியாகத்தான் தெரியும். வேலைக்குப் போனவர்களைக் காணவில்லை என்பதற்காக ஊரையே பேய்க்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

இதில் என்ன பெரிய குற்றம், ஒரு அலங்காரச் சொல்தானே என்று கேட்கலாம். அந்த அலங்காரம் என்ன வேலை செய்தது என்று பார்ப்போம்.

2012 நவம்பரில் கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அணு உலைக் கழிவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் மத்திய அரசின் தரப்பிலிருந்து வந்தது. செய்திகளில் அது 'கைவிடப்பட்ட சுரங்கம்'. தங்கவயல் கொதித்தெழுந்தது, சில நாள்களிலேயே அப்படி ஒரு திட்டமே இல்லை என்ற மறுப்பும் வந்தது. பின்னொரு சமயம் பெங்களூரின் குப்பையை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டலாம் என்ற யோசனையும் எழுந்தது. அதையும் ஊர்க்காரர்கள்தான் எதிர்த்து நின்றார்கள். பெங்களூரின் ஜெயநகரிலோ மல்லேசுவரத்திலோ ஒரு பள்ளத்தைக் காட்டி இப்படிப் பேச யாருக்காவது நா எழுமா? எழாது. அங்கே ஆள்கள் இருக்கிறார்கள் என்பது பேசுகிறவருக்கு நினைவில் இருக்கும். தங்கவயலில் ஆள்கள் இருப்பதைப் பத்திரிகைகள் ஏற்கெனவே மறக்கடித்துவிட்டன. பேய்கள் குப்பைக்கு எதிராக ஊர்வலம் போகாது என்று நினைத்தவர்கள்தான் ஏமாந்தார்கள்.

நாகரிகமான சொல்லாலும் இதே வேலையைச் செய்யலாம். 'குட்டி இங்கிலாந்து' என்பது தங்கவயலுக்குப் பத்திரிகைகள் போற்றி வளர்க்கும் இன்னொரு பெயர். 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் நடத்திய சுரங்கங்கள் அவை. வெள்ளைக்காரர்களுக்குப் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம், தேவாலயம் எல்லாம் இருந்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. இன்றைக்கும் ஞாயிறு மலர்க் கட்டுரைகள் இவற்றை அடுக்கிச் சொல்லிப் பெருமூச்சு விடுகின்றன. அந்தக் கட்டுரைகளில் மிகச் சிலவே சொல்லும் செய்தி ஒன்று உண்டு. அந்தச் சுரங்கங்களில் நிலத்தடியில் இறங்கியவர்களில் பெரும்பாலானோர் வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த தமிழ் பேசும் தலித் மக்கள். மேலே ஐரோப்பியர், நடுவே மேற்பார்வைக்கு ஆங்கிலோ இந்தியர், அடியில் இவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாறை வெடித்துச் சிதறுவதை அங்கே 'ஏர்பிளாஸ்ட்' என்பார்கள். அதில் செத்தவர்கள் ஒருபுறம். அதில் தப்பி, குவார்ட்ஸ் தூசு நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயால் மெல்லச் செத்தவர்கள் மறுபுறம். 120 ஆண்டுகளில் எடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல். தொழிலாளர்கள் குடியிருந்தது மூங்கில் தட்டியால் கட்டிய குடிசையில். அந்தக் குடிசைக்காரரைக் கேட்டிருந்தால் ஊருக்கு இங்கிலாந்து என்று பெயர் வைத்திருப்பாரா?

யார் ஆழத்துக்குப் போவது என்பதைச் சாதி தீர்மானித்தது. யார் நுரையீரலில் தூசு படியும் என்பதையும் அதுவே தீர்மானித்தது. சாதிதான் இங்கே காரணம். ஆனால் 'குட்டி இங்கிலாந்து'க் கட்டுரையில் சாதி வராது. 'தொழிலாளர்கள்' என்ற பொதுச் சொல் வரும். அதுவும் ஒரு வரியில் வந்து போகும்.

இதே ஊரில் தங்கம் களவு போனால் கதை வேறு. மைசூர் சமஸ்தானம் இந்தச் சுரங்கங்களுக்கென்றே தனிச் சட்டம் போட்டது. அனுமதி இல்லாமல் தாதுவைக் கையில் வைத்திருப்பதே குற்றம் ஆயிற்று. தனிப் போலீசும் கம்பெனிக் காவலும் சோதனையும் வந்தன. மாவட்டத் தலைநகர் கோலாராக இருக்க, தங்கவயல் இன்றைக்கும் தனிப் போலீஸ் மாவட்டமாகவே இருக்கிறது. திருடும் கூட்டம் என்ற பார்வை அந்த மக்கள்மேல் நிரந்தரமாக விழுந்தது. 1930இல் கம்பெனி தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யப் புறப்பட்டது. தங்களைக் குற்றவாளிகளாக நடத்துவதாகக் கொதித்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். லண்டன் பங்குதாரருக்குப் போன தங்கம் லாபம். தொழிலாளியின் கோவணத்தில் சிக்கிய துகள் அவனுடைய குலத்தின் குணம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஊடக மொழியின் ஒரு பழக்கம் பிடிபடும். ஒருவருடைய சாதி, மதம், ஊர், மொழி எதுவோ நடந்ததற்குக் காரணமாக இல்லாத இடத்தில் அது தலைப்பில் நிற்கிறது. காரணமாக இருக்கிற இடத்தில் காணாமல் போகிறது. நான் சொல்ல வந்தது இதுதான். மீதியெல்லாம் இதற்குச் சாட்சி.

*

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். தங்கவயல் தமிழருக்காகக் கண்ணீர் விடத் தயாராக இருக்கும் வாசகர், கொஞ்சம் அந்தக் கண்ணீரை நிறுத்தி வைக்கலாம்.

பீகாரிலிருந்து வந்த ஓர் இளைஞர் திருப்பூரில் செல்போன் திருடினார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு எப்படி வரும்? 'வடமாநில வாலிபர் கைது.' அதே தெருவில் அதே வாரம் திருப்பூர்க்காரர் ஒருவர் செல்போன் திருடுகிறார். தலைப்பு: 'வாலிபர் கைது.' இரண்டு தலைப்பிலும் பொய் இல்லை. எழுத்துக்கு எழுத்து உண்மை. உண்மைகளை வைத்துக்கொண்டே பொய்யைக் கட்டும் வித்தை இதுதான்.

ஓர் ஊரில் ஓராண்டில் நூறு திருட்டு நடந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறு உள்ளூர்க்காரர் செய்தது, பத்து வெளியூர்க்காரர் செய்தது. பத்திரிகை பத்தில் மட்டும் ஊர்ப் பெயரைப் போடுகிறது. வாசகர் மனத்தில் பதிவது என்ன? ஒரு பக்கம் பெயரில்லாத தொண்ணூறு. அவை எந்தக் கணக்கிலும் சேராமல் உதிர்ந்துவிடும். மறுபக்கம் பெயரோடு பத்து. அவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். தெருவில் எல்லோருக்கும் கடன் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு வீட்டுக் கடனை மட்டும் நோட்டில் எழுதி வைக்கிற மளிகைக்காரரை நினைத்துப் பாருங்கள். ஆண்டு முடிவில் நோட்டைப் புரட்டி, 'இந்தத் தெருவிலேயே கடன்காரன் இவன் ஒருத்தன்தான்' என்பார். நோட்டு அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது. வரவு தேதியெல்லாம் சரியாக இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வது பொய்.

தப்பெண்ணம் தன்னைத் தப்பெண்ணம் என்று ஒருநாளும் அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. 'அனுபவம்' என்றுதான் சொல்லிக்கொள்ளும். 'எனக்கு யார்மேலும் துவேஷம் கிடையாது சார், ஆனா தினமும் பேப்பர்ல பாக்கறமே' என்பதுதான் அதன் முதல் வாக்கியம். தினமும் பேப்பரில் பார்த்தது உண்மை. எதைப் பார்க்கவில்லை என்பது பேப்பரில் இல்லை. பகுத்தறிவு பேசுகிற நாம், சோதிடர் பலித்ததை மட்டும் எண்ணிப் பலிக்காததை விட்டுவிடுகிறார் என்று எத்தனை மேடையில் கேலி செய்திருக்கிறோம்! 'வடக்கன்' என்று நாம் பேசும்போது செய்வது அதே சோதிடக் கணக்குதான்.

கர்நாடகத்தில் தமிழரைக் 'கொங்க' என்று ஏளனமாகச் சொல்வதுண்டு. அதைக் கேட்டு நமக்குச் சுள்ளென்று ஏறும். ஏற வேண்டியதுதான். ஆனால் 'கொங்க' என்பதற்கும் 'வடக்கன்' என்பதற்கும் என்ன வேறுபாடு? ஒன்று நம்மைச் சொல்வது, மற்றது நாம் சொல்வது. வேறு எதுவும் எனக்குத் தென்படவில்லை. பிழைக்க வந்தவன், கூட்டமாக இருப்பவன், அழுக்கானவன், நம் வேலையைப் பறிப்பவன் என்று இரண்டு சொல்லுக்குள்ளும் இருக்கும் சரக்கு ஒன்றே. நூறு ஆண்டுகளுக்கு முன் பங்காருபேட்டையில் ரயில் மாறித் தங்கவயலுக்குப் போன வடாற்காட்டுக்காரரும், இன்றைக்குத் திருப்பூரில் வந்து இறங்கும் பீகார்க்காரரும் ஒரே வகையான மனிதர்கள். சொந்த ஊரில் நிலமும் மரியாதையும் கிடைக்காமல் கிளம்பியவர்கள்.

2023 மார்ச்சில் இந்தக் கணக்கு நம் பக்கம் திரும்பியது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று, வேறு எங்கோ எப்போதோ எடுத்த காணொளிகளைக் காட்டி இந்திப் பக்கம் செய்தி பரவியது. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. தொழிலாளர்கள் பலர் பயந்துபோய் ஊருக்கு ரயிலேறினார்கள். ஓர் இந்தி நாளிதழின் ஆசிரியர்மேல் வழக்குப் பதிவாயிற்று; யூடியூபர் ஒருவர் கைதானார். 'தமிழர்கள் கொலைகாரர்களா?' என்று நாம் கொதித்தோம். நியாயமான கொதிப்பு. 'வடமாநிலத்தவர்' என்று நம் தலைப்பில் வரும்போது பாட்னாவில் ஒருவர் அதே கேள்வியைக் கேட்பார் என்பதை மட்டும் வசதியாக மறந்தோம்.

*

ஒரு சிலர் செய்ததை ஓர் இனத்தின் பெயரில் எழுதுவது இந்த மொழியின் அடுத்த படி. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை 1991 டிசம்பர் 11 அன்று அரசிதழில் வெளியானது. அடுத்த இரண்டு நாள்களில் பெங்களூரிலும் தென் கர்நாடகத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன, ஏராளமானோர் எல்லை தாண்டி ஓடினார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று மறுபடியும். பெங்களூரில் ஒரே பணிமனையில் 40க்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன. அதே நாள் சென்னையில் கன்னடர் ஒருவரின் ஓட்டல்மேல் பெட்ரோல் குண்டு வீசினார்கள். இந்த இரண்டாவது முறை செய்தித் தொலைக்காட்சிகளும் கைப்பேசியும் இருந்தன. ஒருவரை அடிக்கும் காட்சி இங்கே ஓடியது. அதற்குப் பதிலடி அங்கே ஓடியது. அதுவே இங்கே மீண்டும் தலைப்புச் செய்தியானது.

அன்றைய செய்தி மொழியில் எழுவாய் எது என்று பாருங்கள். 'கன்னடர்கள் தாக்குதல்', 'தமிழர்கள் ஆவேசம்' என்கிற பாணி. கர்நாடகத்தின் மக்கள்தொகை 6 கோடிக்கு மேல். பேருந்துகளுக்குத் தீ வைத்தவர்கள் ஒரு கும்பல். ஒரு கும்பல் 6 கோடியின் எழுவாயாக உட்கார இலக்கணம் இடம் தரலாம், தருக்கம் தராது. அன்று தன் வீட்டுக்குள் தமிழ்க் குடும்பத்தை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய கன்னடரும் அந்தக் 'கன்னடர்கள்' என்ற சொல்லுக்குள்தான் அடைபட்டுக் கிடக்கிறார். அவரை வெளியே எடுக்க எந்தத் தலைப்புக்கும் அவகாசம் இல்லை.

தங்கவயலில் இருப்பவருக்கு இது வெறும் இலக்கணப் பிரச்சினை இல்லை. வீட்டில் தமிழ், கடைவீதியில் கன்னடமும் தெலுங்கும், பெங்களூர் ரயிலில் எல்லாமும் பேசுகிறவர் அவர். சென்னை ஸ்டுடியோவில் ஒருவர் வீரமாகப் பேசி முடித்து வீட்டுக்குப் போய்விடுவார். அந்த வீரத்தின் வட்டியை மறுநாள் காலை ரயிலில் கட்ட வேண்டியவர் இவர்.

*

இனி, பெயர் மறைகிற பக்கத்தைப் பார்ப்போம். அதுதான் தமிழ் ஊடகத்தின் தனித் திறமை.

சேரியில் வீடுகள் எரிந்தால் 'இரு பிரிவினரிடையே மோதல்'. அம்பேத்கர் சிலையின் தலை உடைந்தால் 'மர்ம நபர்கள்'. சேரிக்கு வெளியே இருந்து, ஆயுதங்களோடு, திட்டம் போட்டு வந்தவர்கள் ஒரு பிரிவு. வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மற்றொரு பிரிவு. இரண்டும் மோதிக்கொண்டனவாம். அரிவாளும் கழுத்தும் மோதிக்கொண்டன என்று எழுதுவதற்கு இன்னும் கை கூசுகிறது போலிருக்கிறது. அது ஒன்றுதான் பாக்கி.

இதற்குப் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு நல்ல விளக்கம் உண்டு. சாதிப் பெயரைத் தேவையின்றிக் குறிப்பிடக் கூடாது, குறிப்பாக இழிவு சேரும்படி குறிப்பிடக் கூடாது என்பது இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறி. பதற்றம் பரவாமல் இருக்க அப்படி எழுதுகிறோம் என்பார்கள். நெறி நல்ல நெறிதான். அதைக் கடைப்பிடிக்கிற இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். செல்போன் திருட்டில் ஊர் காரணமில்லை. அங்கே நெறி தூங்குகிறது. சாதிக்காகவே நடந்த கொலையில் சாதிதான் காரணம். அங்கே நெறி விழித்துக்கொள்கிறது. பலவீனமானவரைக் குற்றம் சாட்டும்போது பெயர், பலமானவரைக் குற்றம் சாட்டும்போது நாகரிகம். இப்படிப் பார்த்துப் பார்த்து விழிக்கிற நெறியை நெறி என்று சொல்ல முடியாது. பயம் என்று சொல்லலாம், அல்லது விற்பனைக் கணக்கு என்று சொல்லலாம்.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியிலும் பக்கத்து இரண்டு குடியிருப்புகளிலும் 200க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. தலித் இளைஞர் ஒருவரும் வன்னியர் பெண் ஒருவரும் திருமணம் செய்துகொண்டதை முகாந்திரமாக வைத்து நடந்தது அது. அந்த நாள்களில் ஒரு சொல் அரசியல் மேடையிலிருந்து செய்தித்தாளுக்கு வந்தது: 'நாடகக் காதல்'. தலித் இளைஞர்கள் பணத்துக்காகத் திட்டம் போட்டு மேல்சாதிப் பெண்களைக் காதலிப்பதுபோல் நடிக்கிறார்கள் என்பது அதன் பொருள். மேடையில் சொன்னவருக்கு அரசியல் நோக்கம் இருந்தது, விட்டுவிடுவோம். செய்தித்தாளும் தொலைக்காட்சியும் என்ன செய்தன? 'நாடகக் காதல் உண்மையா?' என்று விவாதம் வைத்தன. ஒரு கேள்விக்குறியைப் பின்னால் ஒட்டிவிட்டால் எந்த அவதூறையும் வரவேற்பறைக்குள் அழைத்து வந்துவிடலாம். வீடு எரிந்தவர்கள் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆனார்கள். எரித்தவர்கள் கவலைப்படும் பெற்றோர்கள் ஆனார்கள்.

'கள்ளக்காதல்' என்ற சொல்லையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் கொலை செய்யப்பட்டிருப்பாள். கொன்றவன் கணவன். தலைப்பில் முதல் சொல் 'கள்ளக்காதல்' என்று நிற்கும். நீதிமன்றம் ஆண்டுகள் கழித்துச் சொல்ல வேண்டிய தீர்ப்பை, துணை ஆசிரியர் இரவு பத்து மணிக்கே சொல்லிவிடுகிறார். அதுவும் செத்தவளுக்கு எதிராக.

*

'உண்மையைத்தான் எழுதினோம்' என்ற வாதத்துக்கு மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ஒரு முறை பதில் சொல்லியிருக்கிறது. 2020இல் கொரோனா பரவியபோது தில்லியில் நடந்த தப்லீக் ஜமாத் கூட்டத்தைக் காட்டி, நோயையே முஸ்லிம்கள் சதி செய்து பரப்புவதுபோல் வாரக்கணக்கில் செய்தி ஓடியது. தமிழ்நாட்டிலும் தினசரி எண்ணிக்கையில் 'தில்லி சென்று திரும்பியவர்கள்' தனி வரிசையாக வந்தார்கள். 2020 ஆகஸ்ட் 21 அன்று, அந்தக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர்கள்மேல் போடப்பட்ட வழக்குகளை அந்த அமர்வு ரத்து செய்தது. அச்சு ஊடகமும் மின்னணு ஊடகமும் பெரிய பிரசாரம் நடத்தின, அவர்கள் பலியாடுகளாக ஆக்கப்பட்டார்கள் என்றும் சொன்னது. தீர்ப்பு வந்தபோது அது உள்பக்கச் செய்தி. இடையில் காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டு விரட்டியவர்கள் தீர்ப்பைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

ருவாண்டாவில் 1994இல் வானொலி ஒன்று டூட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று சொல்லிச் சொல்லிக் கொலைக்குத் தூண்டியது. அதை நடத்தியவர்களை 2003இல் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டித்தது. நாம் அந்த எடுத்துக்காட்டை எடுத்துப் பேசிவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம்; நம் வானொலியில் யாரும் கரப்பான்பூச்சி என்று சொல்வதில்லையே! ஆனால் ஒரு மனிதரைப் பூச்சி என்று சொன்னால் கேட்பவர் சிரிக்காமல் நம்புவதற்கு, அதற்கு முன்பே பல ஆண்டுகள் சாதாரணச் செய்திகள் உழுது வைத்திருக்க வேண்டும். வசைச்சொல்லுக்கு வழக்குப் போட இடம் உண்டு. 'இரு பிரிவினர்' என்பதற்கும் 'பேய் நகரம்' என்பதற்கும் எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது?

*

தங்கவயலை உலகத்துக்குத் தெரியவைத்தது ஒரு கன்னடத் திரைப்படம். 2018 டிசம்பரில் 'கேஜிஎஃப்' முதல் பாகம், 2022 ஏப்ரலில் இரண்டாம் பாகம். இரண்டாவது ஆயிரம் கோடிக்கு மேல் வசூலித்தது. படத்தில் சுரங்கம் ஒரு நரகம். அங்கே உழைப்பவர்கள் அழுக்கான, வாயில்லாத அடிமைகள். ஒரு நாயகன் வந்து மீட்கும்வரை அவர்களுக்கு வரலாறு கிடையாது. கற்பனைக் கதைக்கு இது உரிமைதான். ஆனால் படம் காட்டும் காலத்தில் நிஜத் தங்கவயலில் என்ன நடந்தது? 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களைக் கையில் எடுத்தது. பிறகு அவை மத்திய அரசிடம் போயின. கம்யூனிஸ்ட் சங்கங்கள், அம்பேத்கர் வழியில் குடியரசுக் கட்சி, திராவிட இயக்கம் எல்லாம் அங்கே ஒன்றோடொன்று போட்டி போட்டன. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் டாட்டா ஆய்வு நிறுவனமும் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைக் கண்டறிந்தார்கள்.

அதற்கும் முன்பே அந்த ஊரில் ஒரு பத்திரிகை இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூனில் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்', பின்னர் 'தமிழன்' என்று பெயர் பெற்றது. 1914இல் அவர் இறந்தார். இடைவெளிக்குப் பிறகு அந்தப் பெயரை மீட்டு 1926 முதல் நடத்தியவர் தங்கவயலின் ஜி. அப்பாதுரையார். அங்கிருந்த பௌத்தர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் அதைத் தாங்கினார்கள். அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்ட சித்தார்த்தா புத்தகசாலையும் அந்த ஊரில்தான் இருந்தது. உலகம் கூலி என்றும் திருடன் என்றும் எழுதிய மனிதர்கள், பகுத்தறிவுப் பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். படத்தில் இதற்கு ஒரு காட்சியும் கிடைக்கவில்லை. சண்டைக்காட்சிக்கு நடுவில் அச்சு இயந்திரம் ஓடினால் நாயகனுக்கு வேலை இல்லாமல் போய்விடுமே!

இழிபெயரை எப்படி எதிர்கொள்வது என்பதில் அந்தத் தலைமுறை ஒருமித்து இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார்; எந்தப் பெயரால் குனிய வைத்தார்களோ அந்தப் பெயரோடு நிமிர்வோம் என்பது அவர் வழி. அயோத்திதாசர் அந்தப் பெயரே பகைவர்கள் சுமத்தியது என்று வாதாடி, பூர்வத் தமிழர் என்று நிறுவப் பார்த்தார். எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு 'ஆதி திராவிடர்' என்ற பெயரை ஏற்றது. இதற்கிடையே ஆங்கிலப் பத்திரிகைகள் 'பறையன்' என்ற சாதிப் பெயரைப் 'பரையா' (pariah) என்று எடுத்து, உலகம் ஒதுக்கிவைத்த நாட்டுக்கும் தலைவருக்கும் பட்டமாகச் சூட்டிக்கொண்டன. இன்றும் சூட்டுகின்றன, தில்லியிலும் சென்னையிலும் வெளியாகும் ஆங்கில ஏடுகள்கூட. இந்தச் சொல் யாருடையது என்று தெரிந்த ஊரில் இருந்துகொண்டே அதைத் தலைப்பில் போடுவதற்குத் தனித் தடித்தனம் வேண்டும்.

'பெயரை மாற்றினால் சாதி போய்விடுமா?' என்று கேட்பவர்களுக்குப் பதில்: போகாது. காந்தியார் காலத்து 'அரிசன்' கொஞ்ச நாளில் அதுவே ஏளனமாக மாறியது நமக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகத் தமிழ்நாடு முதலமைச்சர் அறிவித்தார். பலகை மாறினாலும் சுடுகாடு இரண்டாகவே இருந்தால் புதுச் சொல்லும் நாளை கறைபடும். மென்மையான சொல்லைக் கண்டுபிடிக்கும் போட்டியை நான் கேட்கவில்லை. காரணத்தைச் சரியாகச் சொல்லும் சொல்லைக் கேட்கிறேன். அதற்கு நல்ல சாட்சி நம்மிடமே இருக்கிறது. சாதி மீறிய திருமணத்துக்காகப் பெற்ற பிள்ளையைக் கொல்வதை நம் ஊடகங்கள் வெகுகாலம் 'கௌரவக் கொலை' என்றன. கொன்றவருக்குக் கௌரவம் இருந்தது, அது போயிற்று, அதனால் கொன்றார் என்று கொலைகாரரின் வாக்குமூலத்தையே தலைப்பாக்கினார்கள். எழுத்தாளர்களும் இயக்கங்களும் விடாமல் கேட்டதில் 'ஆணவக் கொலை' என்ற சொல் நிலைபெற்றது. கொலைகள் நிற்கவில்லை. ஆனால் குற்றவாளிக் கூண்டில் யார் நிற்க வேண்டும் என்பது இரண்டு சொல்லில் தெளிவாகிவிட்டது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் விளைவாக, பால்புதுமையரைக் குறிக்க ஊடகங்கள் பயன்படுத்த வேண்டிய சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது. முடியாது, வழக்கமில்லை, வாசகருக்குப் புரியாது என்று சொல்லப்பட்டதெல்லாம் முடிந்திருக்கிறது.

ஆகவே ஆசிரியர்களை மட்டும் திட்டி எழுந்து போக வேண்டாம். அவர்கள் விற்பதை நாம் வாங்குகிறோம். 'வடமாநில' என்ற சொல்லைத் தலைப்பில் போட்டால் நம் விரல் அழுத்தும் என்று தெரிந்துதான் போடுகிறார்கள். 'பேய் நகரம்' என்றால் நாம் பார்ப்போம். 'சிலிக்கோசிஸ் வந்தவர்கள் நிலுவைத்தொகைக்காக அலையும் நகரம்' என்றால் தள்ளிவிடுவோம்.

நாளைக் காலைச் செய்தியில் ஒரு ஊர்ப் பெயரோ மதப் பெயரோ வந்தால், அந்தப் பெயரை நீக்கிவிட்டுப் படியுங்கள். செய்தியில் எதுவும் குறையவில்லை என்றால், அது செய்திக்காகப் போட்ட பெயர் இல்லை; உங்கள் நோட்டில் இன்னொரு வரி ஏற்றுவதற்காகப் போட்டது. 'இரு பிரிவினர்' என்று வந்தால், வீடு யாருடையது, தீப்பெட்டி யாருடையது என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை அதைச் செய்தி என்று ஏற்காதீர்கள். இந்த இரண்டுக்கும் படிப்போ பணமோ தேவையில்லை, அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைக்கூடச் செலவழிக்க மனமில்லாதவர், 'எனக்கு யார்மேலும் துவேஷம் இல்லை' என்று சொல்லும்போது அதை நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.